இன்னும் பெய்யாத சேறு

சேற்றைப் பார்த்துச் சம்பளம் வாங்குகிறவள் என்று மண்ணக்காவைச் சொந்தக்காரர்கள் கேலி செய்வார்கள். செய்யட்டும். கேலி பேசுகிற வாய்களில் ஒன்றுக்காவது தன் காலுக்குக் கீழே என்ன கிடக்கிறது என்று தெரியுமா? மண்ணக்காவுக்குத் தெரியும். கப்பலில் போய், ஆழ்கடலின் தரையில் நீளக் குழாயை இறக்கி, அங்கே இருக்கும் சேற்றை அடுக்குக் குலையாமல் உருவிக்கொண்டு வருவார்கள். அந்தக் குழாயை நீளவாக்கில் இரண்டாகப் பிளந்து, உள்ளே இருப்பதைப் பார்த்துச் சொல்வது அவள் வேலை. அவள் தலை நரைத்ததே அந்த வேலையில்தான். ஆய்வுக்கூடத்தில் அவளுக்கு மூத்தவர்கள்கூட அவளை மண்ணக்கா என்றே கூப்பிட்டார்கள்.

அந்தச் சேறு பெரும்பாலும் வெள்ளையாக, சுண்ணாம்பு குழைத்த மாதிரி இருக்கும். கடலில் வாழ்கிற கண்ணுக்கே தெரியாத சிற்றுயிர்களின் ஓடுகள்தான் அது. உயிர் போனால் ஓடு கீழே இறங்கும். கடலுக்குள் இந்த ஓட்டு மழை ஓய்வதே இல்லை. ஆயிரம் வருஷம் பெய்தால் ஒரு விரல் கனம் சேரும். அடியில் இருப்பது பழசு, மேலே இருப்பது புதுசு. இந்த ஒரு விதி போதும், மற்றதெல்லாம் இதிலிருந்துதான் வரும்.

வெள்ளைக்கு நடுவே ஓர் இடத்தில் சிவப்பு வரும். ஐந்தரைக் கோடி வருஷத்துக்கு முன்னால் பூமிக்கு ஒரு காய்ச்சல் கண்டது. நிலத்துக்குள்ளிருந்தும் கடலடியிலிருந்தும் கரிவாயு கிளம்பிக் காற்றில் நிறைந்து, உலகமே கொதித்தது. பனி மூடியிருக்க வேண்டிய துருவத்துப் பக்கம் முதலைகள் திரிந்தன. கடல் புளித்தது. புளித்த தண்ணீர் ஓட்டைத் தின்றுவிடும்; விழுந்த ஓடெல்லாம் கரைந்துபோக, கரையாத சிவப்புக் களிமண் மட்டும் தரையில் மிஞ்சியது. ஆழ்கடல் தரையில் வாழ்ந்த சிற்றுயிர் இனங்களில் கிட்டத்தட்டப் பாதி, அந்தச் சிவப்பைத் தாண்டி மேலே வரவே இல்லை.

ஊரையே அதட்டி வேலை வாங்குகிற மண்ணக்கா, அந்தச் சிவப்புக்கு முன்னால் மட்டும் குரலை இறக்கிவிடுவாள். இழவு வீட்டில் பேசுகிற குரல் அது. சிவப்பு அடுக்கு வெளிச்சத்துக்கு வந்துவிட்டால் அறையில் இன்னொருவர் நிற்கிற மாதிரி அவளுக்குப் பிடரி கூசும். திரும்பிப் பார்ப்பாள், யாரும் இருக்க மாட்டார்கள். "படிச்சவ நீ, உனக்கே இப்படியா?" என்று தன்னையே திட்டிக்கொண்டு வேலையைப் பார்ப்பாள். ஆனால் கையுறை இல்லாமல் அதை ஒருநாளும் தொட்டதில்லை.

அன்றைக்குப் பிளந்த குழாயில் சிவப்பு முழுசாக இருந்தது. கீழேயும் வெள்ளை, மேலேயும் வெள்ளை, நடுவில் சிவப்பு. அப்படி முழுசாகக் கிடைப்பது அபூர்வம். குழாயைப் பிளந்தால் இரண்டு பாதி வரும். ஒன்று காப்புப் பாதி. அதை யாரும் தொடாமல் குளிர் கிடங்கில் வைத்துவிடுவார்கள். மற்றது வேலைப் பாதி. அதைத்தான் சுரண்டலாம், வெட்டலாம். எது மேல் முனை என்று தெரிவதற்கு நீல மூடி, அடி முனைக்கு வெள்ளை மூடி. கிடங்கைப் பார்த்துக்கொள்கிற குல்லா அண்ணன் காப்புப் பாதியை எடுத்துக்கொண்டு போய்விட்டார். வெளியே வெயிலில் ஆட்கள் சுருண்டு விழுந்துகொண்டிருந்த அந்தக் கோடையிலும் இந்த மனிதர் மட்டும் கம்பளிக் குல்லாவோடு திரிவார். கிடங்குக்குள் அவ்வளவு குளிர்.

வேலைப் பாதியின் குழாய் ஓரத்தில் விரிசல் விட்டிருந்தது. புதுத் தட்டுக்கு மாற்ற வேண்டும். மண்ணக்கா இரண்டு மூடியையும் கழற்றி ஏப்ரன் பையில் போட்டுக்கொண்டு, சேற்றைப் பூப்போல நகர்த்திப் புதுத் தட்டில் கிடத்தினாள். அந்த நேரம் பார்த்துப் போன் அடித்தது. மகள். வெட்டும் அறைக்குள் சிக்னல் ஒழுங்காகக் கிடைக்காது. முற்றத்துக்கு ஓடினாள்.

"அம்மா, எங்கே இருக்கே?"

"எங்கே இருப்பேன், சேத்துலதான். ஏன் உன் குரல் ஒரு மாதிரி இருக்கு?"

"நாள் தள்ளிப் போயிருந்துச்சு. இன்னிக்குப் பார்த்துட்டேன். உண்டாயிருக்கேன்மா."

மண்ணக்காவுக்குத் தலைகால் புரியவில்லை. கல்யாணமாகி இத்தனை வருஷத்துக்கு அப்புறம் வந்த செய்தி. வாயைத் திறப்பதற்குள் மகள் அடுத்ததைச் சொன்னாள்.

"வேண்டாம்னு நினைக்கிறேன்மா."

மகள் நர்ஸ். பச்சைக் குழந்தைகள் வார்டில் வேலை. போன கோடையில் மின்சாரம் போய், மாற்று இயந்திரமும் சூட்டில் நின்றுபோன ஒரு பகல் முழுக்க அந்த வார்டில் அவள் இருந்தாள். அதைப் பற்றி அம்மாவிடம்கூட ஒரு வார்த்தை பேசியதில்லை. அன்றைக்குத்தான் பேசினாள்.

"விசிறி எடுத்து வீசினோம்மா. நனைச்ச துணியைப் போட்டோம். கை ஓயற வரைக்கும் வீசினோம். நீ பார்க்கலை, நான் பார்த்தேன். இந்த உலகத்துக்குள்ள நான் எந்த முகத்தை வெச்சுக்கிட்டு ஒண்ணைக் கூட்டிட்டு வர்றது? வருஷா வருஷம் ஏறிக்கிட்டே போகுது." மூக்கை உறிஞ்சினாள். "நீதானே சொல்வே, முன்னாடி ஒரு தடவை பூமி இப்படிக் கொதிச்சுதுன்னு. அப்புறம் திரும்பி வந்துச்சா? சீக்கிரம் வந்துச்சா? அதை மட்டும் சொல்லு. நீ சொன்னா நான் நம்புவேன்."

மற்றக் கடல்களில் எடுத்த குழாய்கள் அத்தனையும் ஒரே கதையைத்தான் சொல்லியிருந்தன. சூடு ஏறியது சடாரென்று. இறங்கியது மெல்ல மெல்ல, ஒரு லட்சம், ஒன்றரை லட்சம் வருஷம். இது மண்ணக்காவுக்குத் தெரியாதா? நன்றாகவே தெரியும். ஆனால் பெற்ற மனம் பித்து. தெரிந்ததைச் சொல்ல நாக்கு வரவில்லை.

"புதுக் குழாய் ஒண்ணு இப்பத்தான் வந்திருக்கு, நம்ம கடல்ல எடுத்தது. அதைப் பார்த்துட்டுச் சொல்றேன். அதுவரைக்கும் அவசரப்பட்டு ஒண்ணும் பண்ணிடாதே கண்ணு," என்றாள்.

உள்ளே வந்தபோது கண் கலங்கிப்போய் இருந்தது. மேஜையின் எந்தப் பக்கம் நின்று கழற்றினோம் என்று நினைவில்லாமல், எதிர்ப்பக்கம் வந்து நின்றாள். பையிலிருந்து மூடிகளை எடுத்தாள். நீலத்தை அடி முனையில் போட்டாள், வெள்ளையை மேல் முனையில் போட்டாள். தட்டின் மேல் அம்புக்குறியும் அதன்படியே வரைந்தாள். மாற்றிப் போட்டுவிட்டாள். அவளுக்கு அது அன்றைக்குத் தெரியாது. உங்களுக்கு இப்போதே சொல்லிவிடுகிறேன். ஒளித்து வைத்துக் கண்ணாமூச்சி ஆட எனக்குப் பொறுமை கிடையாது.

அப்புறம் வேலை தொடங்கியது. சேற்றைத் துண்டு துண்டாக எடுத்து, சல்லடையில் கழுவி, உலர்த்தி, நுண்ணோக்கியின் கீழே பரப்பி, ஈரத் தூரிகை நுனியால் ஒவ்வோர் ஓடாகத் தொட்டெடுத்துக் கறுப்புத் தட்டில் வைக்க வேண்டும். வெள்ளைச் சேற்றில் ஓடுகள் கொட்டிக் கிடந்தன. சிவப்பை நெருங்க நெருங்கக் குறைந்துகொண்டே வந்தன. சிவப்பின் நடுவில் தூரிகை சும்மா அலைந்தது. கறுப்புத் தட்டு அநேகமாகக் காலி. காலித் தட்டையும் பார்த்துக்கொண்டேதான் இருக்க வேண்டும், அதுதான் வேலை. பார்க்கப் பார்க்க, அந்தக் கறுப்பும் தன்னைப் பார்க்கிறது என்று அவளுக்குத் தோன்றும். அன்றாடம் மத்தியானம் தெருவில் மின்சாரம் போகும். மின்விசிறி நின்று, ரேடியோ நின்று, ஒரு காக்கைகூடக் கத்தாமல் தெரு முழுக்க அடங்கிப்போகும். மண்ணக்கா அப்போதெல்லாம் தூரிகையைக் கீழே வைத்துவிடுவாள். இது அந்தச் சிவப்பின் சத்தம், வேறெதுவும் இல்லை என்று நினைப்பாள்.

ஆனால் கிடைத்த முடிவைப் பார்த்தபோது அவள் நாற்காலியை விட்டே எழுந்துவிட்டாள். அவள் போட்ட அம்புக்குறிப்படி, கீழே வெள்ளை படிப்படியாக மங்கிச் சிவப்பானது. மேலே, சிவப்பு ஒரே வெட்டாக முடிந்து வெள்ளை தொடங்கியது. அதாவது, சூடு மெல்ல ஏறியிருக்கிறது. போகும்போது சட்டென்று போயிருக்கிறது. பூமி காய்ச்சல் விட்டு ஒரே நாளில் எழுந்து உட்கார்ந்த பிள்ளை மாதிரி எழுந்து உட்கார்ந்திருக்கிறது.

தலைமை ஆய்வாளருக்குப் "பொறுங்க சார்" என்று பெயர். தீப்பிடித்துவிட்டது என்று சொன்னால்கூட "பொறுங்க" என்பார். அவரே கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி போட்டுக்கொண்டார்.

"உலகமே ஒண்ணு சொல்லுது, நம்ம குழாய் நேர் எதிரா சொல்லுது. பொறுங்க மண்ணக்கா. வெளியே எங்கேயும் மூச்சு விடாதீங்க."

அவள் அன்று சாயங்காலமே மகள் வீட்டில் மூச்சு விட்டாள்.

மகளும் மாப்பிள்ளையும் ஏழாவது மாடியில் குடியிருந்தார்கள். ஜன்னலில் நனைத்த படுக்கை விரிப்பைத் தொங்கவிட்டிருந்தார்கள். அதன் நீர் சொட்டி ஒரு வாளியில் விழுந்துகொண்டிருந்தது. மண்ணக்கா செருப்பைக்கூடக் கழற்றவில்லை.

"திரும்பி வந்திருக்குடி! நம்ம கடல்ல ஒரே வெட்டா திரும்பி வந்திருக்கு. என் கண்ணால பார்த்தேன்."

"ஒரே வெட்டாவா? எவ்வளவு சீக்கிரம்மா?"

"எங்க கணக்குல கண் மூடித் திறக்கிற நேரம்."

எங்கள் கணக்கு என்றால் எத்தனை ஆயிரம் வருஷம் என்று மகள் கேட்கவில்லை, அம்மாவும் சொல்லவில்லை. அந்த வார்த்தை காதிலேயே விழாத மாதிரி இருவரும் இருந்துவிட்டார்கள். மகளுக்கு வேண்டியிருந்தது பிடித்துக்கொள்ள ஒரு துரும்பு. அம்மா மரக்கட்டையையே கொண்டுவந்து போட்டாள். மகள் கையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள், சிரித்தாள், இரண்டும் சேர்ந்து வந்தது. மாப்பிள்ளை நின்ற இடத்திலேயே நின்றுகொண்டு, "டீ போடட்டுமா அத்தை?" என்று மூன்று தடவை கேட்டார், போடவே இல்லை.

குழந்தையை வைத்துக்கொள்வது என்று முடிவானது. வயிறு தெரிய ஆரம்பித்தது. மகள் நிம்மதியாகத் தூங்கினாள். வார்டில் கூட வேலை செய்கிறவர்களிடம், "எங்கம்மா மண்ணைப் பார்த்துச் சொல்லியிருக்காங்க, பூமி திரும்பி வந்துடுமாம்," என்று பெருமையடித்துக்கொண்டாள். மண்ணக்கா அதைக் கேட்டுப் பூரித்துப்போனாள்.

அந்தப் பூரிப்பிலேயே இருந்திருக்கலாம். விதி விட்டால்தானே.

கட்டுரைக்குப் படம் எடுப்பதற்காகச் சிவப்பு முடியும் அந்த வெட்டை ஒருநாள் பெரிதாக்கிப் பார்த்தாள். வெள்ளைக்குள் மெல்லிய சிவப்புக் கோடுகள் ஏறியிருந்தன, நூல் கனத்தில். கடலடிப் புழுக்கள் துளைத்த வழிகள். புழு தரையிலிருந்து கீழே துளைத்துக்கொண்டு போகும்போது மேலே இருக்கும் சேற்றையும் கூட இழுத்துக்கொண்டு போகும். எப்போதும் கீழேதான் போகும். ஏனென்றால் மேலே சேறு கிடையாது, தண்ணீர்தான். ஆனால் இந்தப் புழு சிவப்பிலிருந்து மேலே, வெள்ளைக்குள் துளைத்திருந்தது. அது உயிரோடு இருந்தபோது அந்த வெள்ளை விழுந்தே இருக்காது. இன்னும் பெய்யாத சேற்றுக்குள் ஒரு புழு எப்படிப் போகும்?

மண்ணக்கா நுண்ணோக்கியிலிருந்து முகத்தை எடுத்தாள். பதில் கண்ணுக்கு முன்னால் இருந்தது, ஒரு மாணவன்கூடச் சொல்லிவிடுவான். அவள் விளக்கை அணைத்துவிட்டு, தட்டைத் துணியால் மூடிவிட்டு வீட்டுக்குப் போய்விட்டாள்.

அன்றிலிருந்து அந்தப் புழு அவளை விடவில்லை. பாத்திரம் தேய்க்கும்போது, பஸ்ஸில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்கும்போது, தரைக்கு அடியிலிருந்து ஏதோ ஒன்று கண் தெரியாமல் துளைத்துக்கொண்டு மேலே மேலே வருகிற மாதிரி இருக்கும். காலைத் தூக்கி வைத்துக்கொள்வாள். ஒருநாள் மகள் அவள் கையை இழுத்துத் தன் வயிற்றின் மேல் வைத்து, "பாரு, துழாவுது," என்றாள். மண்ணக்கா கையைச் சுட்டுக்கொண்ட மாதிரி இழுத்துக்கொண்டாள். மகள் முகம் சுண்டிப்போயிற்று. "கை ஈரமா இருக்குடி," என்று சமாளித்தாள். பேயறைந்த மாதிரி இருக்கிறீர்களே என்று ஆய்வுக்கூடத்தில் கேட்டவர்களிடம் வெயில் என்றாள். வெயிலின் மேல் எதைப் போட்டாலும் செல்லுபடியாகிற காலம் அது.

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் எத்தனை நாள் மறைப்பது? பொறுங்க சார் கட்டுரையை அனுப்புவதற்கு முன்னால், "பொறுங்க, காப்புப் பாதியையும் ஒரு தடவை பக்கத்துல வெச்சுப் பார்த்துடலாம்," என்றார். குல்லா அண்ணன் கிடங்கிலிருந்து அதைக் கொண்டுவந்து மேஜையில் வைத்தார். அதிலிருந்து குளிர் ஆவி எழுந்தது. ஒரே குழாயின் இரண்டு பாதிகள். நீல மூடியோடு நீல மூடி சேர்த்து வைத்தால் இரண்டு உள்ளங்கை மாதிரிப் பொருந்த வேண்டும்.

பொருந்தவில்லை. ஒன்றில் வெட்டு மேலே இருந்தது, மற்றதில் வெட்டு கீழே இருந்தது.

குல்லா அண்ணன்தான் வேலைப் பாதித் தட்டைத் தூக்கி, தலைமாடு கால்மாடாகத் திருப்பி வைத்தார். இப்போது அச்சாகப் பொருந்தியது. கீழே வெள்ளை. அதன் மேல் ஒரே வெட்டாகச் சிவப்பு. பிறகு நெடுக, நெடுக, மிக மெல்லத் திரும்பி வந்த வெள்ளை. இப்போது அந்தப் புழுவும் சரியான திசையில்தான் போயிருந்தது. சிவப்பு விழத் தொடங்கியபோது தரையில் இருந்த புழு அது. பழைய வெள்ளைக்குள் கீழே கீழே ஓடித் தப்பப் பார்த்திருக்கிறது. கொஞ்ச தூரத்தில் வழி நின்றுவிட்டது.

"யானைக்கும் அடி சறுக்கும், விடுங்க," என்றார் பொறுங்க சார். நல்ல மனிதர்; மனதாரத்தான் சொன்னார். "அச்சுல போறதுக்கு முன்னாடி தெரிஞ்சுதே, அதுவே பெரிய விஷயம். எல்லாரும் சொல்றதைத்தான் நம்ம குழாயும் சொல்லுது. திருப்பி எழுதிட்டாப் போச்சு."

"திருப்பி எழுதலாம் சார்," என்றாள் மண்ணக்கா. அதற்கு மேல் அவளால் முடியவில்லை. முற்றத்துக்கு வந்துவிட்டாள். மகளுக்கு எட்டாவது மாதம் நடந்துகொண்டிருந்தது.

முதலில் மாப்பிள்ளைக்குத்தான் போன் செய்தாள். அவர் முழுசாகக் கேட்டுக்கொண்டார்.

"சொல்லாதீங்க அத்தை," என்றார். "கையெடுத்துக் கும்பிடறேன். பிறந்து வரட்டும். அப்புறம் எப்ப வேணா சொல்லிக்கலாம்."

"கேட்டா நான் என்னன்னு சொல்றது?"

"அவ ஏன் கேக்கப் போறா? அவதான் உங்களை நம்பிட்டாளே."

அந்த வார்த்தைதான் குத்தியது. சொல்ல வேண்டாம் என்று ஒரு வாரம் ஓட்டினாள். மகள் போன் செய்தால் வேலை இருக்கிறது என்றாள். மகள் வீட்டுக்குப் போனால், அவள் முகத்தைப் பார்க்காமல் வாளித் தண்ணீரை மாற்றினாள், விரிப்பை நனைத்தாள், பாத்திரம் கழுவினாள். தூங்கினால் கறுப்புத் தட்டு. விழித்தால் புழு. கடைசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், மாப்பிள்ளை தண்ணீர் லாரிக்காகக் குடத்தோடு கீழே போயிருந்த நேரத்தில், மின்சாரமும் போய்த் தெரு மொத்தமும் அடங்கிக் கிடந்தபோது, அவளுக்குத் தாங்கவில்லை. அந்த அமைதி காதுக்குள் ஏறி உட்கார்ந்துகொண்டது. தரையில் உட்கார்ந்திருந்த மகளுக்கு எதிரே போய் உட்கார்ந்தாள்.

"நான் தலைகீழா பார்த்துட்டேன் கண்ணு," என்றாள்.

எல்லாவற்றையும் சொன்னாள். மூடியை மாற்றிப் போட்டது, புழு, இரண்டு பாதியும் பொருந்தாதது, ஒன்றையும் விடவில்லை. அழக்கூட இல்லை. மகள் விசிறியை வீசியபடியே கேட்டுக்கொண்டிருந்தாள். நடுவில் ஓர் இடத்தில் விசிறி நின்றது.

"அப்ப சூடு ஏறினதுதான் சடாருன்னு."

"ஆமாம்."

"இறங்கினது?"

"ஒன்றரை லட்சம் வருஷம். அதுக்கு மேலயும் இருக்கலாம்."

மகள் தலையாட்டினாள், மருந்து அளவைக் கேட்டுக்கொள்கிற மாதிரி.

"எப்பத் தெரியும் உனக்கு?"

"போன வாரம்..." என்று தொடங்கியவள் நிறுத்தினாள். "இல்லை. அதுக்கு முன்னாடியே தெரியும். நாலாவது மாசமே அந்தப் புழுவைப் பார்த்துட்டேன். பார்க்காத மாதிரி இருந்துட்டேன்."

மகளின் முகத்தில் அப்போதுதான் கோபம் வந்தது. வந்தபோது அது சின்னக் கோபமாக இல்லை.

"அப்பச் சொல்லாம, இப்ப எதுக்கு வந்து சொல்றே? நான் என்ன பண்ணணும்னு சொல்றே? உன் நெஞ்சுல இருக்கறதைக் கொண்டுவந்து என்கிட்ட இறக்கிட்டே. உனக்கு லேசாயிடுச்சு. நான் எங்கேம்மா கொண்டுபோய் இறக்குறது?"

அது உண்மை. சொல்லி முடித்த அந்த நிமிஷத்தில் மண்ணக்காவுக்குப் பல மாதத்தில் முதல் தடவையாக நெஞ்சு லேசாகித்தான் இருந்தது. அது லேசானதை அவள் உணர்ந்தாள், உணர்ந்த உடனே தன்னை வெறுத்தாள். மகளின் கையைப் பிடிக்கப் போனாள். மகள் கையை இழுத்துக்கொண்டாள்.

ஜன்னல் விரிப்பு காய்ந்துபோய்ச் சொட்டு விழுவதும் நின்றுவிட்டது. யாரும் எழுந்து நனைக்கவில்லை.

"அம்மா." மகள் சுவரைப் பார்த்துக்கொண்டு கேட்டாள். குரலில் கோபம் போயிருந்தது. அது போனதுதான் மண்ணக்காவுக்கு இன்னும் பயமாக இருந்தது. "அந்தச் சிவப்புக்குள்ள ஒண்ணுமே இல்லையா? எல்லாமே செத்துப்போச்சா?"

"இல்லை. எல்லாமே இல்லை." மண்ணக்கா அவசரமாகச் சொன்னாள். கொடுப்பதற்கு ஏதோ ஒன்று கையில் இருக்கிறதே என்ற அவசரம். "அங்கங்கே ஒண்ணு ரெண்டு கிடைச்சுது. வெள்ளையில இருந்த அதே இனந்தான், ஆனா அளவு குறைஞ்சுபோயிருக்கும். அந்தக் காலத்துல அப்படித்தான் ஆச்சு. கடல்ல மட்டும் இல்லை, தரையிலயும். குதிரையோட மூதாதை ஒண்ணு பூனை அளவுக்குச் சிறுத்துப்போச்சு. சூட்டுல பெருசா வளர முடியாது. அதனால தாக்குப்பிடிச்சதெல்லாம் குட்டி குட்டியா..."

மகள் திரும்பி அம்மாவைப் பார்த்தாள்.

"போன வாரம் ஸ்கேன் எடுத்தாங்கம்மா," என்றாள். "மாசத்துக்கு இருக்க வேண்டிய அளவு இல்லையாம். உனக்குச் சொல்லலை. நீதான் ஒரு மாதிரி இருந்தியே, எதுக்குன்னு விட்டுட்டேன். எல்லாம் சரியாத்தான் இருக்கு, ஆனா ரொம்பச் சின்னதா இருக்குன்னாங்க. இந்தச் சூட்டுல சுமந்தா இப்பெல்லாம் இப்படித்தான் வருதாம்."

அறையில் வேறு யாரோ இருக்கிறார்கள் என்ற அந்தப் பழைய கூச்சம் மண்ணக்காவின் பிடரியில் ஏறியது. இந்தத் தடவை அவள் திரும்பிப் பார்க்கவில்லை. அது எங்கே இருக்கிறது என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது.

மகள் இரண்டு கையாலும் வயிற்றை அணைத்துக்கொண்டாள்.

"அந்தச் சின்னதெல்லாம் பொழைச்சுதா? இதையாவது நேராப் பார்த்துச் சொல்லு."

"பொழைச்சுது," என்றாள் மண்ணக்கா. "சின்னதுதான் பொழைச்சுது. இது சத்தியம். இதை நேராத்தான் பார்த்தேன்."

அது பொய்யில்லை. மகள் அவள் கண்ணையே பார்த்துக்கொண்டிருந்தாள். எத்தனையில் எத்தனை பிழைத்தது என்று அவள் கேட்டிருந்தால் மண்ணக்கா சொல்லியிருப்பாள். இனிமேல் எதையும் மறைப்பதில்லை என்று முடிவு செய்துகொண்டுதான் அந்த வீட்டுப் படியேறி வந்திருந்தாள். ஆனால் மகள் பச்சைக் குழந்தைகள் வார்டில் வேலை செய்கிறவள். அந்தக் கேள்வியை மட்டும் அவள் கேட்கவில்லை.